போதும்னா ஒரு குரல் குடுங்க

இது நடந்தது. யாரோ சொன்னார்கள், எங்கோ படித்தேன் என்று நழுவ மாட்டேன். நடந்த ஆள் என் எதிரில் உட்கார்ந்து, தன் சாயா ஆறிப் பச்சைத் தண்ணீர் ஆகும் வரை தொடாமல் சொன்னது. ஆவி பறக்கிற எதையும் அவன் இப்போது தொடுவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதில் நடுச்சாமம் கிடையாது. நாய் ஊளையிடாது, மல்லிகைப்பூ மணக்காது. நடந்தது பட்டப்பகலில், சாயங்காலம் நாலு பத்துக்கு. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் வருகிற நேரம். பேய் என்ன கடிகாரம் பார்த்தா வருகிறது என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் அது கடிகாரம் பார்த்துத்தான் வந்தது.

மாரிச்செல்வம் பிளம்பர். சங்கரன்கோவில் பக்கம். கொச்சிக்கு வந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. மனைவி சங்கரியும் நாலு வயது மகள் வான்மதியும் கூட வந்திருந்தார்கள். தோப்பும்படியில் ஒற்றை அறை. மலையாளம் என்றால் 'சேட்டா', 'சாயா' இரண்டுதான் தெரியும். "தமிழும் மலையாளமும் அக்கா தங்கச்சிதானல, பாதி புரியும்" என்று ஊரில் தைரியம் சொல்லி அனுப்பினார்கள். பாதி புரிவதில் இருக்கிற ஆபத்தை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

வான்மதியை வீட்டில் மதி என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் காய்ச்சலில் அவளுக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸில், சங்கரியின் மடியில், கண் இரண்டும் மேலே செருகிப் பிள்ளை விறைத்துப் போனது. பஸ்ஸே நிற்கும்படி சங்கரி அலறினாள். "மதி போறா... எம் மதி போறா..." பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு வார்த்தை மாரிச்செல்வத்தின் காதைவிட்டுப் போகவே இல்லை. காய்ச்சல் அடித்தால் மறுபடியும் வரலாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். அதனால் எங்கே வேலைக்குப் போனாலும் அவன் காது பாதி வீட்டில்தான் இருக்கும்.

கொச்சிக்கு வந்த இரண்டாம் நாள் ஒரு கூத்து நடந்தது. தெருவில் யாரோ "மத்தி... மத்தி..." என்று கூவ, மகளுக்கு என்னவோ ஏதோவென்று இவன் லுங்கியோடு வெளியே பாய்ந்தான். பார்த்தால் சைக்கிளில் மீன்காரர். சாளை மீனைத்தான் அவர் மத்தி என்கிறார். இங்கேயும் அதற்குச் சாளை என்றுதான் பேராம், அவர் கோழிக்கோட்டுக்காரர் என்பதால் அப்படிக் கூவுகிறாராம். தெருவே சிரித்தது. இவனும் சிரித்தான்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் என்கிற யூதர் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. சுக்கும் மிளகும் அடைத்த கிடங்குகளுக்கு நடுவில் பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரி ஸ்வர்ணலதா. நாற்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாகக் கொச்சி. புருஷன் வாஞ்சிநாதனுக்கு வெலிங்டன் தீவில் ஆபீஸ் வேலை. காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவார். ஸ்வர்ணலதா மாடியில் இரண்டு அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வத்திடம் அவள் நல்ல தமிழ்தான் பேசினாள். அதுவே பின்னால் வினையாயிற்று.

"ரெண்டு ரூம்லயும் ஒருமிச்சு சுடுதண்ணி திறந்தா நூல் மாதிரி ஒழுகும், மாரி. நான் அடுக்களையிலயும் திறந்தா, பின்னே அதும் இல்ல. சோப்பைத் தேச்சுட்டு நின்னு கத்தறாங்க. ஞாயித்துக்கிழமை ஆறு பேர் வர்றாங்க, கேட்டோ."

"இதுக்கு முன்ன யாரும் பாக்கலையாக்கா?"

"ரெண்டு பேர் வந்தாங்க. பாதியில போயிட்டாங்க."

ஏன் போனார்கள் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. புது ஊர், முதல் பெரிய வேலை.

கோளாறு என்னவோ சாதாரணமானதுதான். பின்பக்கம் அடுக்களைக்கு மேலே கான்கிரீட் கூரை. அங்கே நூறு லிட்டர் ஹீட்டர். அதிலிருந்து இறங்கிய அரை இஞ்ச் குழாய்க்குள் உப்புப் படிந்து, ஈர்க்குச்சி நுழையும் அளவுதான் ஓட்டை இருந்தது. ஒரு குழாய்க்கே மூச்சு முட்டும், மூன்றுக்கு எங்கே போகும்? மாரிச்செல்வம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முக்கால் இஞ்ச் போட்டான். பிரஷர் பம்ப் வைத்தான். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு மாடியில் இரண்டு, அடுக்களையில் ஒன்று என மூன்றையும் திறந்துவிட்டு, கீழே பக்கெட் வைத்து நேரம் பார்த்தான். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷத்துக்குள் நிறைந்தது.

"கெட்டிக்காரன்தான்" என்றாள் ஸ்வர்ணலதா. அன்று மீன்குழம்போடு சாப்பாடும் போட்டாள்.

சாயங்காலம் கிளம்பும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று மூன்றையும் திறந்தான். மணி நாலு பத்து.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. பக்கெட் பாதிகூட நிறையவில்லை.

பம்ப் ஓடுகிறது. ஒழுகல் எங்கும் இல்லை. மூன்று குழாய் திறந்திருக்கிறது. ஆனால் நாலு திறந்த மாதிரி தண்ணீர் குறைகிறது. எங்கேயோ இன்னொன்று... யாரோ குளித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

அவன் குழாய்களை மூடிவிட்டு நின்றான். வீடு அமைதியாக இருந்தது.

டொக்... சளக்.

பிளாஸ்டிக் குவளை பக்கெட்டில் முட்டி, தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம்.

டொக்... சளக்.

நாலு இருபத்தைந்துக்கு நின்றுவிட்டது.

புதன்கிழமை அந்த நாலாவது குழாயைக் கண்டுபிடித்தான். அடுக்களைச் சுவருக்குப் பின்னால் பழைய சுடுதண்ணீர்க் குழாய் ஒன்று, சுண்ணாம்புக்குள் புதைந்து ஓடியது. தொட்டுப் பார்த்தவன் உள்ளங்கையை உதறிக்கொண்டான். அப்படிச் சுட்டது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கதவு, கதவில் பூட்டு.

"இதுக்குள்ள என்னக்கா?"

ஸ்வர்ணலதாவின் முகம் மாறியது. "அம்மாவோட பாத்ரூம். என் மாமியார். உபயோகத்துல இல்ல."

"அம்மா எங்க?"

"மரிச்சு எட்டு மாசம் ஆச்சு."

சாவி வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிற அவசரம் அவளுக்கு. முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து திறந்தாள்.

சின்ன அறை. மேலே கம்பி போட்ட ஒரு வெண்டிலேட்டர். அதற்குக் கீழே ஷவர். ஷவருக்கு நேர் அடியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி. அதன் கைப்பிடி இரண்டிலும் பழைய வேட்டியைக் கிழித்த துணி தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டுப் போட்டு அந்தத் துணி கயிறு மாதிரி முறுக்கிப் போயிருந்தது.

அவன் அதையே பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஒரு பக்கம் தளர்ந்து போச்சு. விழாம இருக்கறதுக்கு" என்றாள். அவன் கேட்கவே இல்லை.

எட்டு மாதம் பூட்டிக் கிடந்த அறையில் நாற்காலி நனைந்திருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஆனால் மாரிச்செல்வம் பிளம்பர். எதைப் பார்த்தாலும் அவனுக்கு வாஷர் தேய்ந்ததுதான் தோன்றும். ஷவருக்குப் போகும் வால்வை ரெஞ்ச் போட்டு இறுக்கி மூடினான். மூடிய இடம் தெரியட்டும் என்று பிடியிலும் உடம்பிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டான். யாராவது திருகினால் கோடு விலகிவிடும். அது அவன் வழக்கம்.

வியாழக்கிழமை கடைசிச் சோதனை.

ஹீட்டரைக் கடைசிவரை திருகி வைத்தான். நன்றாகச் சுட்டால்தான் எந்தக் குழாயில் ஓடுகிறது என்று தொட்டதும் தெரியும். மாடியில் இரண்டையும் அடுக்களையில் ஒன்றையும் திறந்துவிட்டுக் கூரைமேல் ஏறினான். ஹீட்டரின் மெயின் வால்வு அங்கேதான். பூட்டிக் கிடந்த அறையின் வெண்டிலேட்டர் நேர் கீழே.

அந்த அறைக்குள் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஸ்வர்ணலதா நின்றாள்.

"அக்கா, நான் கொஞ்சம் கொஞ்சமா தெறப்பேன். ஷவர்ல சொட்டு வருதான்னு பாருங்க. போதும்னா ஒரு குரல் குடுங்க. உடனே மூடிருதேன்."

"சரி சரி. திற."

மணி நாலு எட்டு. கால் சுற்று திறந்தான்.

சத்தம் இல்லை.

நாலு ஒன்பது. அரைச் சுற்று.

"அக்கா, வருதா?"

 கீழே நாற்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. உட்கார்ந்து பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டான்.

நாலு பத்து. முக்கால் சுற்று. அவன் பிடித்திருந்த குழாய் அதிர்ந்தது. கீழே எதுவோ சர்ரென்று கொட்டத் தொடங்கியது...

"மதி."

அவன் திரும்பிப் பார்த்தான். மீன்காரர். இந்தப் பக்கமும் வருகிறார் போல. சந்துக்குள் எட்டிப் பார்த்தான். சைக்கிள் இல்லை. ஆளும் இல்லை.

"மதி... மதி..."

பொம்பளைக் குரல். கிழிந்த குரல். வெண்டிலேட்டருக்குள் இருந்து வந்தது. அக்காவின் குரல்தானா என்றே தெரியவில்லை.

இந்த வீட்டில் அவன் மகள் பேரைச் சொன்னதே கிடையாது.

"அக்கா?"

"மதி! மதி! மதீ..."

அவன் கை வால்வின் மேலேயே இருந்தது. உடம்பு பதறியதில் கையும் சேர்ந்து திரும்பியது. வால்வு முழுக்கத் திறந்துகொண்டது.

அப்போதுதான் இன்னொரு குரல்.

வயசான குரல். பதற்றமே இல்லை. சொல் ஒவ்வொன்றும் நிதானமாக வந்தது.

"போறா."



"மதி... மதி..."

"போறா."

"மதீ..."

"போறா... போறா..."

மதி போறா.

ரெஞ்ச் கையிலிருந்து விழுந்தது. ஏணியில் இறங்கினானா குதித்தானா, அவனுக்கே தெரியாது. செருப்பு இல்லை. சந்தில் ஓடினான். ஆட்டோவை மறித்தான். "தோப்பும்படி... தோப்பும்படி... எம் பிள்ள..." கண்ணை மூடினால் அந்தப் பஸ். செருகிய கண். விறைத்த கால்.

பாதி வழியில்தான் வால்வு ஞாபகம் வந்தது. திறந்தே விட்டுவிட்டோம். மூடச் சொல்லலாம் என்று போன் செய்தான். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவன் மனதில் கணக்குப் போட்டான். நூறு லிட்டர். கூடிப்போனால் ஆறேழு நிமிஷம். அதற்குமேல் பச்சைத் தண்ணீர்தான் வரும். ஒன்றும் ஆகிவிடாது.

நாலு முப்பத்தொன்றுக்கு வாசலில் இறங்கினான். மதி படியில் உட்கார்ந்து பருப்புவடை தின்றுகொண்டிருந்தாள். "அப்பா, செருப்பு எங்க?" என்று கேட்டாள்.

அவன் அவளைத் தூக்கிக் கழுத்தில் கை வைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை. அப்படியே தெருவில் உட்கார்ந்து அழுதான். சங்கரி ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு? வேலையப் போட்டுட்டா வந்தீய?"

"ஒண்ணுமில்ல. பிள்ள ஞாபகம் வந்துச்சு."

திரும்பிப் போயிருக்கலாம், ஒரு ஆட்டோ தூரம்தான். ஆனால் பேய் பேசுகிற வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது, அந்த அக்காவிடம் என்னவென்று சொல்வது? இன்னொரு தடவை போன் அடித்துப் பார்த்தான். கோபமாக இருக்கும், எடுக்க மாட்டாள் என்று விட்டுவிட்டான். மகளை மடியைவிட்டு இறக்காமல் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவனைப்போலச் சந்தோஷமான ஆள் கொச்சியிலேயே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு மன்னிப்புக் கேட்கப் போனான். சந்து முனையில் சாயாக்கடை. தைரியத்துக்கு ஒரு சாயா சொன்னான். கடைக்காரர் கிளாஸில் பால் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து கேட்டார்.

"மதியோ?"

மாரிச்செல்வம் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டான். "எம் பிள்ள பேரு உமக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரர் விழித்தார். பிறகு சிரித்தார். தமிழ்ப் படம் பார்த்துப் படித்த தமிழ் அவருக்கு உண்டு.

"பேரல்ல, தம்பி. பால் இத்தனை மதியோன்னு கேட்டேன். மதின்னா... போதும்."

தெருவில் ஒரு லாரி போயிற்று. அந்தச் சத்தம் அடங்கியதும் கேட்டான்.

"அப்ப... போறான்னா?"

"போராவோ? அது நேரே எதிர். பத்தாது. இன்னும் வேணும்னு அர்த்தம்."

சாயாவை அவன் தொடவில்லை.

போதும்னா ஒரு குரல் குடுங்க என்றான். அவள் குரல் கொடுத்தாள். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை கொடுத்தாள். அவனிடம் தமிழ் பேசியவள்தான். ஆனால் உயிர் போகிற வலியில் வாயில் வருவது பிறந்து வளர்ந்த ஊரின் பேச்சுத்தானே. அவன் என்ன செய்தான்? முழுக்கத் திறந்துவிட்டு ஓடினான்.

வீட்டு வாசலில் கூட்டம். போலீஸ் எழுதிவிட்டுப் போயிருந்தது. வாஞ்சிநாதன் படியில் உட்கார்ந்திருந்தார். மாரிச்செல்வத்தைப் பார்த்ததும் கோபப்படவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் வந்தப்போ ஆறரை. அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா. மேல தோலே இல்ல, தம்பி. ரெண்டு கையும் கைப்பிடியில கட்டியிருந்துச்சு. ஒரு கையை அவளே கட்டிக்கிட்டான்னு வச்சுக்கோ. ரெண்டாவது கையை யார் கட்டினா?"

அறைக் கதவு திறந்து கிடந்தது. மாரிச்செல்வம் உள்ளே காலை வைக்கவில்லை. வாசலில் நின்றே வால்வைப் பார்த்தான். மூடியிருந்தது. அவன் போட்ட மார்க்கர் கோடு ஒரு நூல்கூட விலகவில்லை.

ரெஞ்சை எடுக்கக் கூரைமேல் ஏறினான்.  ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். நூறு லிட்டர். ஏழு நிமிஷம். அதற்குமேல் பச்சைத் தண்ணீர். ஏழு நிமிஷம்தான் பட்டிருப்பாள்... அதற்குள் மயங்கியிருப்பாள்...

"நீதான் அந்தப் பிளம்பரோ?"

பின்வீட்டு அடுக்களை ஜன்னலில் ஒரு பெண். ஜெயலக்ஷ்மி என்று பிறகு தெரிந்தது. வெண்டிலேட்டரும் அவள் ஜன்னலும் எதிரெதிரே, நடுவில் கை நீட்டும் தூரம்.

"நேத்து சத்தம் கேட்டுச்சாக்கா?"

"கேட்காம என்ன. மாமியார் மரிக்கற வரைக்கும் ரெண்டு வருஷம் தினமும் கேட்ட சத்தம்தானே. நாலு பத்தானா ஸ்வர்ணலதா குளிப்பாட்டத் தொடங்குவா. கொதிக்கக் கொதிக்க. அந்தக் கிழவி விசாலாக்ஷியம்மா 'மதி மோளே, மதி'ன்னு கெஞ்சும். இவ 'போரா, போரா, நாத்தம் போகலை'ம்பா. நமக்கெதுக்கு ஊர் வம்புன்னு நான் ஜன்னலை அடைச்சிடுவேன்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நேத்தும் அடைச்சிட்டேன். ஆனா குரல் மாறியிருந்துச்சு. மதின்னு சொன்னது இவ."

"ஏழு நிமிஷம் இருக்குமாக்கா?" அவன் கிட்டத்தட்டக் கெஞ்சினான். "ஏழு நிமிஷந்தான கேட்டுது?"

ஜெயலக்ஷ்மி அவனையே பார்த்தாள்.

"விளக்கு வைக்கிற வரைக்கும் கேட்டுச்சு. ஆறு மணி இருக்கும். தண்ணி ஊத்தற சத்தம் நிக்கவே இல்ல, ஜன்னல் இடுக்கு வழியா ஆவி வந்துட்டே இருந்துச்சு. முதல்ல ரெண்டு குரல். கொஞ்ச நேரத்துல மதிங்கற குரல் நின்னு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு குரல்தான். போரா... போரா... போரா..."